விண்டோஸ் செக்யூரிட்டி: அப்படியே விடறதா, எல்லாத்தையும் ஆன் பண்றதா, காசு குடுத்து வேற வாங்கறதா?

புதுசா லேப்டாப் வாங்குனவங்க கேக்கற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், எந்த ஆன்டிவைரஸ் போடலாம். உள்ளயே இருக்கறதுல எதெல்லாம் ஆன்ல இருக்குன்னு பாத்தீங்களான்னு திருப்பிக் கேட்டா பதில் வராது, ஏன்னா விண்டோஸ் செக்யூரிட்டின்னு ஒரு ஆப் இருக்கறதே டாஸ்க்பார் மூலையில அந்த ஷீல்டு மேல மஞ்சள் முக்கோணம் வந்தாத்தான் நிறைய பேருக்குத் தெரியும், அப்பவும் அதை க்ளிக் பண்ணி டிஸ்மிஸ் குடுத்துட்டுப் போயிடுவாங்க.

உங்க முன்னாடி மூணு வழி இருக்கு. வாங்குனது வாங்குன மாதிரியே விடலாம். விண்டோஸ்ல இருக்கற பாதுகாப்பு ஸ்விட்ச் எல்லாத்தையும் தேடித் தேடி ஆன் பண்ணலாம். இல்லன்னா வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டி வெளி கம்பெனி ஆன்டிவைரஸ் வாங்கலாம். இங்க நான் பேசறது விண்டோஸ் 11 ஹோம் பத்தி, கடையில வாங்கற லேப்டாப்ல முக்காவாசி அதுதான் வருது. என் கட்சி எதுன்னு இப்பவே சொல்லிடறேன்: அப்படியே விட்டுட்டு ரெண்டு மூணு இடத்துல மட்டும் கைவைக்கணும், எங்க கைவைக்கறதுங்கறது அந்த மெஷின யாரு யூஸ் பண்றாங்கங்கறத பொறுத்தது. ஒவ்வொரு பாதுகாப்பு செட்டிங்கும் தினசரி ஏதோ ஒரு தொல்லை குடுக்கும், அந்தத் தொல்லைய அந்த வீட்டுல இருக்கறவங்க ஆறு மாசம் கழிச்சும் தாங்குவாங்களான்னு பாத்துத்தான் நான் தேர்வு பண்ணுவேன். ரெண்டே வாரத்துல எரிச்சலாகி ஆஃப் பண்ணப்போற செட்டிங் எவ்வளவு பலமா இருந்தா என்ன.

முதல்ல காசு குடுக்கற வழிய முடிச்சுடலாம், ஏன்னா அது சீக்கிரம் முடியும். 2009ல மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்னு ஒரு ஆன்டிவைரஸ தனியா டவுன்லோடு பண்ற மாதிரி விட்டாங்க, 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப டிஃபென்டர்ங்கற பேர்ல உள்ளயே வச்சுட்டாங்க. ஆரம்பத்துல அது சுமார்தான், டெஸ்ட்ல கடைசி பெஞ்சுலதான் உக்காந்திருக்கும். அந்தக் காலத்துல "டிஃபென்டர நம்பாத, ஏதாவது நல்லதா போடு"ன்னு சொன்னது சரியான அறிவுரை. ஆனா அதே அறிவுரைய இன்னிக்கும் சொல்லிட்டிருக்காங்க, அதான் பிரச்சினை. ஏவி-டெஸ்ட் மாதிரி லேப் டெஸ்ட்ல டிஃபென்டர் இப்ப காசு குடுத்து வாங்கற பெரிய பேர்களோட பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒரு குறை உண்டு, நெட் இல்லாதப்ப அதோட பிடிக்கற திறமை கொஞ்சம் இறங்கும், கிளவுட்ட நம்பித்தான் அது பாதி வேலை பாக்குது. அதனால நெட்டே கனெக்ட் பண்ணாம, பென்டிரைவ்லயே எல்லா வேலையும் ஓடற ஒரு கடை கம்ப்யூட்டருக்கு வேற ஆன்டிவைரஸ் யோசிக்கலாம், தப்பில்ல.

ஃப்ரீ ஆன்டிவைரஸ் கதை வேற. அவாஸ்ட் கம்பெனி அதோட ஜம்ப்ஷாட்ங்கற துணை நிறுவனம் வழியா யூசர்களோட பிரவுசிங் டேட்டாவ வித்துட்டு இருந்தது வெளிய வந்து, 2020ல ஜம்ப்ஷாட்ட மூடுனாங்க, 2024ல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லுச்சு. காப்பாத்தறேன்னு வந்ததே நீங்க எந்த சைட் பாக்கறீங்கன்னு வித்துட்டிருந்தா அதுக்கு சும்மாவே இருந்திருக்கலாம்.

இதுல பலபேர் கவனிக்காத ஒரு விஷயம் என்னன்னா, வெளி ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்ட உடனே டிஃபென்டர் தானா ஒதுங்கிக்கும், அது ஒதுங்கும்போது அதோட சேந்த சில வசதிகளும் போயிடும், முக்கியமா கீழ விவரமா சொல்லப்போற கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். அதுக்கு டிஃபென்டர் ரியல்டைம்ல ஓடணும். இதவிட மோசமான நிலைமை ஒண்ணு உண்டு, லேப்டாப்போட வந்த ஒரு மாச ட்ரையல் முடிஞ்சு, புதுப்பிக்கவும் இல்ல, தூக்கவும் இல்ல, சும்மா "ரினியூ நவ்"ன்னு கத்திக்கிட்டு உக்காந்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி ஆப்ல செட்டிங்ஸ் போய் மேனேஜ் ப்ரொவைடர்ஸ் பாருங்க, இப்ப எது காவல்ல இருக்குன்னு அங்க காட்டும். ட்ரையல வாங்கப்போறதில்லன்னா முதல் நாளே அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, டிஃபென்டர் திரும்ப வந்துடும்.

அடுத்து, எதையும் தொடாம விடற வழி. இதை நான் கேவலமா பேச மாட்டேன், ஏன்னா இப்ப வர்ற விண்டோஸ் 11ல தொடாம விட்டாலே நிறைய ஆன்ல இருக்கு. ரியல்டைம் ஸ்கேன், கிளவுட் ப்ரொடெக்‌ஷன், மத்த ப்ரோக்ராம் எதுவும் டிஃபென்டர ஆஃப் பண்ண முடியாதபடி டேம்பர் ப்ரொடெக்‌ஷன், ஃபயர்வால், ஸ்மார்ட்ஸ்க்ரீன், 2021 ஆகஸ்ட்லேர்ந்து தேவையில்லாத டூல்பார் கும்பல தடுக்கற செட்டிங்கும் தானாவே ஆன். யூஎஸ்பி சொருகுன உடனே தானா ஓடற ஆட்டோரன் விண்டோஸ் 7லயே போயிடுச்சு, பழைய விண்டோஸுக்கு 2011ல அப்டேட்ல நிறுத்துனாங்க, கான்ஃபிக்கர் மாதிரி வைரஸ் ஒரு காலத்துல பென்டிரைவ் வழியா ஊரெல்லாம் பரவுனதுக்கு அந்த ஆட்டோரனும் ஒரு காரணம்.

ஆனா பென்டிரைவ் விஷயத்துல ஒரு ஓட்டை இன்னும் இருக்கு. நெட்லேர்ந்து ஒரு ஃபைல் டவுன்லோடு பண்ணா விண்டோஸ் அது மேல "இது வெளியிலேர்ந்து வந்தது"ன்னு ஒரு குறி வைக்கும், அந்தக் குறி இருந்தாத்தான் ஸ்மார்ட்ஸ்க்ரீன் அந்த நீல விண்டோவ போட்டு "இது தெரியாத ஆப், ஓட்டணுமா"ன்னு கேக்கும். அந்தக் குறி என்டிஎஃப்எஸ்ங்கற ஃபார்மேட்ல இருக்கற டிரைவ்லதான் தங்கும், பென்டிரைவ் எல்லாம் பெரும்பாலும் ஃபேட்32 இல்லன்னா எக்ஸ்ஃபேட், அதுல குறி தங்காது. அதனால ஜெராக்ஸ் கடையில சொருகிட்டு வந்த பென்டிரைவ்ல இருக்கற ஈஎக்ஸ்இ-ய, அதாவது ப்ரோக்ராம் ஃபைல, டபுள் க்ளிக் பண்ணா ஸ்மார்ட்ஸ்க்ரீன் வாயே தொறக்காது, டிஃபென்டர் மட்டும்தான் தனியா நின்னு பாத்துக்கணும். ஃபோல்டர் ஐகான் மாதிரியே இருந்து உண்மையில ஷார்ட்கட்டா இருக்கற அந்த வைரஸ் இன்னமும் சாகாம சுத்தறது இந்த வழியிலதான். எக்ஸ்ப்ளோரர்ல வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ ஆன் பண்ணி வைங்க, இது செக்யூரிட்டி ஆப்ல இல்லாத செட்டிங், ஆனா "பில்.பிடிஎஃப்"னு வந்திருக்கற ஃபைல் உண்மையில "பில்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்இ"ன்னு காட்டிக் குடுத்துடும். ஷார்ட்கட்டோட எக்ஸ்டென்ஷன மட்டும் விண்டோஸ் அப்பவும் காட்டாது, அதுக்கு ஐகான் மூலையில குட்டி அம்புக்குறி இருக்கான்னு பாக்கணும்.

டீஃபால்ட்ட நாமளே கெடுத்துக்கறது எங்கன்னா எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்ல, அதாவது டிஃபென்டர் பாக்க வேணாம்னு நாம ஒதுக்கி வைக்கற லிஸ்ட்ல. கிராக் சாஃப்ட்வேர் எது எடுத்தாலும் அதோட ரீட்மீ-ல முதல் வரியே "டிஃபென்டர ஆஃப் பண்ணு, இந்த ஃபோல்டர எக்ஸ்க்ளூஷன்ல சேரு"ன்னுதான் இருக்கும், நாமளும் நாயக் கட்டிப்போட்டுட்டு கதவத் தொறந்து விட்டுட்டு வருவோம். அந்த ஃபோல்டர்ல அப்புறம் எது வந்து உக்காந்தாலும் டிஃபென்டர் எட்டிக்கூட பாக்காது. நீங்க செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கியிருந்தாலோ, கடையில விண்டோஸ் போட்டு வாங்கியிருந்தாலோ, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன் உள்ள மேனேஜ் செட்டிங்ஸ் கடைசியில எக்ஸ்க்ளூஷன்ஸ் ஒருதடவை பாருங்க, சி டிரைவ் முழுசாவே அங்க சேத்து வச்சிருந்தா ஆச்சரியப்படாதீங்க. இந்த லிஸ்ட்ட காலி பண்றது, என் கணக்குல, புதுசா எந்த ஸ்விட்ச்ச ஆன் பண்றதவிடவும் முக்கியம்.

இப்ப உண்மையான ஒப்பீட்டுக்கு வருவோம். ஆஃப்ல இருக்கறதுல எதை ஆன் பண்றது. இதுக்கு முன்னாடி உங்களுக்கு எது போனா வலிக்கும்னு யோசிக்கணும், ஏன்னா ஒவ்வொரு செட்டிங்கும் ஒவ்வொண்ணத்தான் காப்பாத்தும். மெஷினே அடுத்தவன் கைக்குப் போறது ஒண்ணு. உள்ள இருக்கற ஃபைல் லாக் ஆகறது ஒண்ணு. லேப்டாப்பே தொலைஞ்சு போறது ஒண்ணு. பிரவுசர்ல சேவ் பண்ணி வச்சிருக்கற பாஸ்வேர்டு திருட்டுப் போறது ஒண்ணு, இந்தக் கடைசிக்கு மட்டும் விண்டோஸ் செட்டிங்ல பெருசா தனி மருந்து கிடையாது, தெரியாத ஈஎக்ஸ்இ-ய ஓட்டாம இருக்கறதும் மெயிலுக்கும் பேங்குக்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடறதும்தான்.

மெஷின காப்பாத்தறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, யூஏசி ஸ்லைடர மேல ஏத்தறது, யூஏசின்னா ஏதாவது ப்ரோக்ராம் மெஷின்ல மாத்தம் பண்ணப் போனா உங்ககிட்ட பர்மிஷன் கேக்கற அந்த விண்டோ. இன்னொண்ணு, தினசரி வேலைக்கு அட்மின் பவர் இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் வச்சுக்கறது. யூஏசி விஸ்டாவுல வந்தப்ப எதுக்கெடுத்தாலும் ஸ்க்ரீன் இருட்டாகி பர்மிஷன் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, ஜனங்க கடுப்பாகி ஆஃப் பண்ணாங்க, அதனால விண்டோஸ் 7ல நாலு லெவல் வச்சு டீஃபால்ட்ட மேலேர்ந்து ரெண்டாவதா இறக்குனாங்க. அந்த ரெண்டாவது லெவல்ல விண்டோஸோட சொந்த ப்ரோக்ராம் சிலது கேக்காமலே அட்மின் பவர் எடுத்துக்கும், அந்த வழிய வைரஸ் எழுதறவங்க பயன்படுத்திக்கிட்டதும் பழைய கதை. டாப் லெவலுக்கு ஏத்துனா இது பெரும்பாலும் அடைபடும். ஆனா அட்மின் அக்கவுண்ட்ல இருக்கற வரைக்கும் யூஏசி கேக்கறது வெறும் யெஸ் பட்டன்தான், வீட்டுல பத்தாவது படிக்கற பையனும் யெஸ் குடுப்பான், அப்பாவும் யெஸ் குடுப்பாரு, நீங்களும் அவசரத்துல யெஸ் குடுப்பீங்க. மைக்ரோசாஃப்ட்டே யூஏசி-ய பாதுகாப்பு எல்லையா கணக்குல எடுத்துக்கறதில்ல.

ஸ்டாண்டர்டு அக்கவுண்ட்ல அதே இடத்துல பாஸ்வேர்டு கேக்கும். இதுதான் வித்தியாசம், கேக்க சின்னதா இருக்கும், ஆனா பாஸ்வேர்டு தெரியாதவன் அட்மின் பவர் கேக்கற எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது, தெரிஞ்சவனும் டைப் அடிக்கற நேரத்துல ஒரு நொடி யோசிப்பான். செய்யறதும் சுலபம்: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ்ல புதுசா ஒரு லோக்கல் அக்கவுண்ட் போட்டு அதை அட்மின் ஆக்குங்க, அதுல லாகின் பண்ணி வேலை செய்யுதான்னு பாருங்க, அப்புறம் நீங்க தினமும் யூஸ் பண்ற அக்கவுண்ட்ட ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க. இந்த வரிசைய மாத்திடாதீங்க, அட்மின் பாஸ்வேர்ட எழுதி வைக்காம விட்டுடாதீங்க. தொல்லை எவ்வளவுன்னா, முதல் வாரம் சாஃப்ட்வேர் எல்லாம் போடறப்ப எரிச்சலா இருக்கும், அதுக்கப்புறம் எப்பவாவதுதான் கேக்கும். வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், நாலு பேர் யூஸ் பண்றாங்கன்னா நான் முதல்ல சொல்றது இதைத்தான், யூஏசி ஸ்லைடர் ரெண்டாம்பட்சம். நீங்க ப்ரோக்ராமிங் பண்றவர், தினம் பத்து தடவை ஏதாவது இன்ஸ்டால் பண்ணிட்டிருப்பீங்கன்னா மட்டும் அட்மின்லயே இருந்துட்டு ஸ்லைடர டாப்ல வைங்க, இல்லன்னா மூணு நாள்ல திரும்ப அட்மினுக்கு மாறிடுவீங்க.

ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் காப்பாத்தாதது ஒண்ணு உண்டு, உங்க ஃபைல்ஸ். ஃபைல பூட்டி வச்சுட்டு காசு கேக்கற ரான்சம்வேருக்கு அட்மின் பவர் தேவையே இல்ல, உங்க டாக்குமென்ட்ஸ நீங்க எடிட் பண்ண முடியும்னா உங்க பேர்ல ஓடற ப்ரோக்ராமும் அதை லாக் பண்ண முடியும். 2017 மே மாசம் வான்னாக்ரைங்கற ரான்சம்வேர் வந்தப்பதான் இது எல்லாருக்கும் உறைச்சுது, அதுக்கான பேட்ச், அதாவது ஓட்டைய அடைக்கற அப்டேட், ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்லயே வந்துடுச்சுங்கறதும் போடாதவங்கதான் மாட்டுனாங்கங்கறதும் தனி சோகம். அதே வருஷம் அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் வந்துச்சு. இது டீஃபால்ட்டா ஆஃப், ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்ங்கற தலைப்புக்குள்ள இருக்கு.

இதோட வேலை ரொம்ப நேரடியானது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக் மாதிரி ஃபோல்டர்ல நம்பகமான ஆப் மட்டும்தான் எழுத முடியும், மத்தது எழுதப்போனா தடுத்துட்டு மூலையில நோட்டிஃபிகேஷன் காட்டும். எது நம்பகம்னு மைக்ரோசாஃப்ட் முடிவு பண்ணும், உலகம் முழுக்க எத்தனை பேர் யூஸ் பண்றாங்கன்னு பாத்து. வேர்டு, எக்ஸெல்லுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உங்க ஊர்ல ஒருத்தர் எழுதிக் குடுத்த பில்லிங் சாஃப்ட்வேர், டாக்குமென்ட்ஸ்ல சேவ் ஃபைல் வைக்கற கேம், பத்து வருஷம் முன்னாடி வந்த டிடிபி டூல், இதெல்லாம் அடி வாங்கும், அதுவும் எப்படின்னா "கன்ட்ரோல்டு ஃபோல்டர் தடுத்துச்சு"ன்னு அந்த சாஃப்ட்வேர் சொல்லாது, "சேவ் பண்ண முடியல", "ஃபைல் நாட் ஃபவுண்ட்"னு ஏதாவது உளறும், நீங்க ஹார்டிஸ்க் போச்சோன்னு பயப்படுவீங்க. "ரீசன்ட்லி பிளாக்டு ஆப்ஸ்"னு ஒரு இடம் உள்ள இருக்கு, அதுல போய் அந்த ஆப்ப அனுமதிச்சா சரியாயிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், நம்ம ஆளுங்க முக்கியமான எதையும் டாக்குமென்ட்ஸ்ல வைக்க மாட்டோம். "சி டிரைவ் போனா எல்லாம் போயிடும், டி டிரைவ்ல வை"ன்னு சொல்லிச் சொல்லியே வளந்தவங்க நாம, கல்யாண ஃபோட்டோலேர்ந்து கணக்கு பேக்கப் வரைக்கும் டி டிரைவ்லதான் கிடக்கும். கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ ஆன் மட்டும் பண்ணிட்டு விட்டா அந்த டி டிரைவ் ஃபோல்டர் எதையும் அது காக்காது, ப்ரொடெக்டட் ஃபோல்டர்ஸ்ல போய் நீங்களா சேக்கணும். அதோட இது எழுதறதத்தான் தடுக்கும், படிச்சு எடுத்துட்டுப் போறதத் தடுக்காது, ஆதார் ஸ்கேன் எல்லாம் உள்ள இருக்கறவங்க இதைப் போட்டுட்டோம்னு நிம்மதியா இருக்க வேணாம்.

இதுக்குப் போட்டி ஆப்ஷன் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல், 2022ல விண்டோஸ் 11ல வந்தது. இது எழுதறப்ப தடுக்காது, ஓடறதுக்கு முன்னாடியே தடுத்துடும், தயாரிச்சவங்களோட டிஜிட்டல் கையெழுத்து இல்லாத, மைக்ரோசாஃப்டுக்குத் தெரியாத ஆப்ப தொறக்கவே விடாது, பென்டிரைவ்லேர்ந்து வந்தாலும் சரி. பலம்னு பாத்தா இதுதான் பெருசு. ஆனா ஒரு ஆப்புக்கு மட்டும் விலக்கு குடுக்க வழி வைக்கல, ஆன்னா ஆன், ஆஃப்னா ஆஃப், அதுவும் ஒருதடவை ஆஃப் பண்ணா விண்டோஸ ரீசெட் பண்ணாத்தான் திரும்ப வரும்னு ரொம்ப நாள் வச்சிருந்தாங்க. முதல்ல கொஞ்ச நாள் எவாலுவேஷன்ல இருந்து உங்க பழக்கத்த பாத்து தானே முடிவு பண்ணும், நிறைய மெஷின்ல பாத்தா ஆஃப்லயே இருக்கும். உங்களுக்கு ஆன்ல இருந்துச்சு, நீங்க பிரவுசரும் ஆஃபீஸும்தான் யூஸ் பண்றீங்கன்னா அதிர்ஷ்டம், தொடாதீங்க. ஆஃப்ல இருந்துச்சுன்னா அதுக்காக விண்டோஸ் ரீசெட் எல்லாம் பண்ணாதீங்க. வெளியில யாருக்கும் தெரியாத சின்ன சாஃப்ட்வேர் எதையாவது நம்பி தொழில் ஓடுதுன்னா இது ஒத்து வராது, கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் மட்டும் போதும், அதுல குறைஞ்சபட்சம் தனித்தனியா அனுமதி குடுக்கலாம். எஸ் மோடுனு ஒண்ணும் உண்டு, ஸ்டோர் ஆப் மட்டும்தான் ஓடும், அதோட வந்த லேப்டாப்ப வாங்குனவங்க பெரும்பாலும் முதல் நாளே அதைக் கழட்டிடறாங்க, கழட்டுனா திரும்ப மாட்ட முடியாது, அவ்வளவுதான் அதைப் பத்தி.

லேப்டாப் தொலைஞ்சு போற விஷயம். விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டிருக்கேன், எவனும் பாக்க முடியாதுன்னு நினைக்கறவங்க நிறைய, எஸ்எஸ்டி-ய கழட்டி வேற மெஷின்ல மாட்டுனா பாஸ்வேர்டுக்கு வேலையே இல்ல, எல்லாம் அப்படியே தொறந்து கிடக்கும். அதுக்கு மருந்து டிஸ்க்க என்கிரிப்ட் பண்றது, அதாவது சாவி இல்லாம யாரும் படிக்க முடியாதபடி மாத்தி வைக்கறது. ப்ரோ எடிஷன்ல பிட்லாக்கர், ஹோம்ல அதோட சின்ன வடிவமா டிவைஸ் என்கிரிப்ஷன். 2024 கடைசியில வந்த 24எச்2 வெர்ஷன்லேர்ந்து, புது மெஷின மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வச்சு செட்டப் பண்ணா இது தானா ஆன் ஆயிடுது, உங்ககிட்ட பெருசா ஒண்ணும் கேக்காது.

இங்கதான் நான் எல்லாரையும் நிறுத்தி வச்சு ஒரு விஷயம் சொல்லுவேன். என்கிரிப்ஷன் ஆன் ஆகறப்ப 48 இலக்க ரிகவரி கீ ஒண்ணு உருவாகி, செட்டப் பண்ண மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் சேந்துடும். சாதாரணமா அது தேவைப்படாது, ஆனா பயாஸ் (மெஷின பூட் பண்ற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் ஆச்சு, மதர்போர்டு மாத்துனாங்க, செக்யூர் பூட்ல ஏதோ மாத்திட்டாங்கன்னா அடுத்த பூட்ல நீல ஸ்க்ரீன்ல அந்த நம்பர் கேட்டு நிக்கும், இல்லன்னா உங்க டேட்டா உங்களுக்கே கிடையாது, எந்த சர்வீஸ் சென்டரும் எடுத்துக் குடுக்க முடியாது. இப்ப யோசிங்க, லேப்டாப் வாங்குன அன்னிக்கு கடைப்பையன் "சார் நானே செட்டப் பண்ணித் தர்றேன்"னு எந்த மெயில் ஐடி போட்டான்? அவன் ஐடியா, கடை ஐடியா, உங்க பொண்ணோட பழைய ஐடியா? கீ அங்கதான் இருக்கு. அதனால செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வெப்சைட்ல டிவைசஸ் பக்கத்துல உங்க லேப்டாப் பேருக்கு நேரா ரிகவரி கீ இருக்கான்னு பாருங்க, இருந்தா பேப்பர்ல எழுதி லேப்டாப் பில்லோட வைங்க, அதே லேப்டாப்ல டெக்ஸ்ட் ஃபைலா சேவ் பண்ணி புண்ணியமில்ல. இல்லன்னா என்கிரிப்ஷன ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு உங்க அக்கவுண்ட்ல வந்து மறுபடி ஆன் பண்ணுங்க.

ஆன்ல வைக்கறதா ஆஃப் பண்றதா? பஸ், ட்ரெயின், ஆஃபீஸ்னு வெளிய தூக்கிட்டுப் போற லேப்டாப்னா ஆன், ரெண்டாவது பேச்சே இல்ல. வீட்டு மேஜைய விட்டு நகராத டெஸ்க்டாப், யூஸ் பண்றவங்க வயசானவங்க, கீய பத்திரமா வைக்க ஆள் இல்ல, பேக்கப்பும் இல்லன்னா நான் ஆஃப் பண்ணத்தான் சொல்லுவேன். திருடன் எடுத்துட்டுப் போற வாய்ப்பவிட அவங்களே பூட்டிக்கற வாய்ப்பு அதிகம். இதுக்கு எத்தனை பேர் சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், வாங்க.

மெமரி இன்டெக்ரிட்டி, அதாவது கோர் ஐசோலேஷன் உள்ள இருக்கறது, வைரஸ் டிரைவர் வேஷத்துல விண்டோஸோட மையமான கெர்னலுக்குள்ள நுழையறத தடுக்கும். புது மெஷின்ல தானா ஆன்ல வரும். பழைய பிரிண்டர், பழைய டாங்கிள் டிரைவர் இருந்தா ஆன் ஆகாது, எந்த டிரைவர்னு லிஸ்ட் காட்டும், அந்த டிரைவர் தேவையில்லன்னா தூக்கிட்டு ஆன் பண்ணுங்க, தேவைன்னா விட்டுடுங்க. இன்டெல்ல 7வது ஜெனரேஷனுக்கு முந்துன ப்ராசசர்னா இது வேகத்த நல்லாவே இழுக்கும், ஏன்னா அதுக்கு உதவி பண்ற ஹார்டுவேர் வசதி அதுல இல்ல. கேம் ஆடறவங்க வேணும்னா ஆஃப் பண்ணிக்கலாம்னு மைக்ரோசாஃப்ட்டே 2022ல சொல்லுச்சு, ஆடி முடிச்சுட்டு திரும்ப ஆன் பண்ணிக்கோங்கன்னும் சொல்லுச்சு, யாரு பண்றா.

ஃபயர்வால்ல ஒண்ணே ஒண்ணுதான், வைஃபை கனெக்ட் பண்றப்ப பப்ளிக்கா ப்ரைவேட்டான்னு இருக்கும், பப்ளிக்லயே விடுங்க. வீட்டுல பிரிண்டரோ ஃபோல்டரோ ஷேர் பண்ணணும்னா மட்டும் வீட்டு வைஃபைக்கு ப்ரைவேட். லாகினுக்கு பாஸ்வேர்டா பின்னான்னா பின், நாலு இலக்கம்தானேன்னு இளக்காரமா பாக்காதீங்க, அந்த பின் அந்த மெஷின்லயே இருக்கற டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப்போட கட்டுண்டது, திரும்பத் திரும்ப தப்பா போட்டா பூட்டிக்கும், வேற எங்கேர்ந்தும் உங்க மெயிலுக்குள்ள அதை வச்சு நுழைய முடியாது. பிறந்த வருஷம் மட்டும் வேணாம், ஆறு இலக்கமா வைங்க.

மொபைல் ஹாட்ஸ்பாட்ல நெட் ஓட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. டேட்டா மிச்சம் பிடிக்க மீட்டர்டு கனெக்‌ஷன்னு போட்டு வச்சிருப்பீங்க, அதுல டிஃபென்டரோட புது வைரஸ் லிஸ்ட்டும் தானா இறங்காம போகலாம். வாரத்துல ரெண்டு தடவையாவது ப்ரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்ல செக் ஃபார் அப்டேட்ஸ் குடுங்க, இல்ல ஏதாவது நல்ல வைஃபை கிடைக்கறப்ப விட்டு எடுங்க.

ஆக, ஆளுக்கு ஆள் எப்படி மாறுதுன்னா: குடும்பத்துக்கே ஒரு லேப்டாப்னா ஸ்டாண்டர்டு அக்கவுண்டும் கீ எழுதி வச்ச என்கிரிப்ஷனும், கன்ட்ரோல்டு ஃபோல்டர் வேணாம், யாரோ ஒருத்தர் "கேம் சேவ் ஆகல"ன்னு முழுசையும் ஆஃப் பண்ணிடுவாங்க. கணக்கு ஓடற கடை கம்ப்யூட்டர்னா கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் கண்டிப்பா, பில்லிங் சாஃப்ட்வேருக்கு அனுமதி குடுத்து, டி டிரைவ் பேக்கப் ஃபோல்டர சேத்து, அதோட மேல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டிஸ்க்ல வாரா வாரம் காப்பி எடுத்துட்டு கேபிள கழட்டி வச்சுடணும், சொருகியே விட்ட ஹார்டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேத்து பூட்டிடும். ஹாஸ்டல் பையனோட கேமிங் லேப்டாப்னா என்கிரிப்ஷன், பின், எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட் காலி, மெமரி இன்டெக்ரிட்டி அவன் இஷ்டம்.

விண்டோஸ் 10லயே இருக்கறவங்களுக்கு இந்த ஒப்பீடே கொஞ்சம் தள்ளித்தான். 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுடுச்சு, மேல சொன்ன எதை ஆன் பண்ணாலும் அடியில இருக்கற விண்டோஸுக்கே பேட்ச் வரலன்னா ஓட்டை ஓட்டைதான். டிஃபென்டரோட வைரஸ் லிஸ்ட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும்னு சொல்லியிருக்காங்க, அத பாத்துட்டு எல்லாம் வருதுன்னு நினைச்சுடாதீங்க. 2026 அக்டோபர் 13 வரைக்கும் பேட்ச் வாங்க ஈஎஸ்யூன்னு ஒரு திட்டம் இருக்கு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸ் சிங்க் பண்ணா காசு இல்லாமலே சேரலாம், இல்லன்னா 1000 ரிவார்ட்ஸ் பாயிண்ட், இல்லன்னா 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல்னு லிங்க் இருக்கும், முதல்ல அதைப் போய் போடுங்க, கன்ட்ரோல்டு ஃபோல்டர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.